ஜினேந்திரன் தேர்ந்தெடுத்த டயர்கள்

சுருதி மாடிப்படி ஏறி வந்தபோது, நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்த துப்பட்டாவையும் மீறி ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மணிவேல் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் எடுக்க ஓடி, டம்ளரைத் தட்டிவிட்டு, மறுபடியும் ஓடினான். தேவிப்ரியா மட்டும் அசையவில்லை. இழுப்பறையிலிருந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்து நீட்டினார்.

“கல்லா?” என்று கேட்டார்.

“கல்லுதாங்க. ஜன்னல் ஒண்ணு பாக்கியில்லாம ஒடைச்சுட்டாங்க. என் வீட்டுக்காரரு கொலைகாரராம். பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பவே பயமா இருக்கு.”

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடியில்தான் தேவிப்ரியாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. பல வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய வண்டிகளையும் அவற்றுக்குள்ளிருந்து வந்த பொய்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். மணிவேல் முன்பு ஜிம் நடத்தியவன். ஜிம் மூடிப் போயிற்று, உடம்பு மட்டும் மிச்சம். அந்த உடம்பையும் அடங்காத ஆர்வத்தையும் வைத்துக்கொண்டு அவருக்கு உதவியாளனாக வந்து சேர்ந்திருந்தான். குற்றவாளி யார் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

“எல்லாம் டயர் வாங்கப் போனதுலதான் ஆரம்பிச்சுது மேடம்,” என்றாள் சுருதி.

அவள் கணவர் ஜினேந்திரன் ஒரு குடம் வாங்குவதற்குக்கூடத் தெரு முழுக்கத் தட்டிப் பார்க்கிற ரகம். கீழ்பென்னாத்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் சமணக் குடும்பம். இப்போது வேங்கிக்காலில் புதுவீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். காரின் டயர்கள் தேய்ந்ததும் அவர் ஊரில் ஒரு கடையை விட்டுவைக்கவில்லை. நகத்தால் கீறினார், முகர்ந்தார், மழையில் வழுக்குமா என்றும் சத்தம் ஜாஸ்தி வருமா என்றும் கடைக்காரர்களை வறுத்தெடுத்தார். கடைசியில் வேலூர் ரோட்டில் தசரதன் கடையில் ஒரு செட் மனசுக்குப் பிடித்தது. அலை அலையாக வெட்டு வைத்த டயர். அந்த டிசைன் ஊரில் வேறு எந்தக் கடையிலும் இல்லை. விலையும் கம்மி.

அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அருணகிரி உள்ளே நுழைந்தார். ஊரில் பக்கத்து நிலத்துக்காரர். வாய்க்கால் தண்ணீருக்காக மூண்ட சண்டையில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை.

“நேரா வந்து இவரு சட்டையைப் பிடிச்சு, ‘இங்க டயர் வாங்காத, மொதல்ல வெளிய போய்யா’ன்னு இழுத்தாராம். கடையிலகூட இவன் என்னை வெரட்றானான்னு இவருக்கு ஆத்திரம். ஓங்கி அறைஞ்சுட்டாரு. உதடு கிழிஞ்சு ரத்தம். அதோட விட்டாரா? ‘புது டயர் மாட்டினதும் மொத உன் மேலதான்டா ஏத்துவேன்’னு எல்லார் எதிர்லயும் கத்திட்டாரு. தண்ணியில எறும்பு வுழுந்தா எடுத்து வுடற மனுஷன் மேடம். அந்த வாயில அப்படி வந்துச்சு.”

மறுநாள் உச்சிவேளையில், தன் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போகும் மண்பாதையில் அருணகிரி நசுங்கிக் கிடந்தார். வண்டி ஒருமுறை ஏறியிருந்தது. பின்னால் வந்து மறுபடி ஏறியிருந்தது. மார்பெலும்புகள் நொறுங்கி, ஒரு பக்கத்து முகமே இல்லை. வெள்ளைச் சட்டையின் மேல் அலை அலையான டயர்த் தடம் பதிந்திருந்தது. மாலையில் போலீஸ் வேங்கிக்காலுக்கு வந்து பார்த்தபோது ஜினேந்திரனின் புது டயர்களின் இடுக்கில் ரத்தம் இருந்தது. அன்றைக்கே அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

“அவரு என்ன சொல்றாரு?” என்று கேட்டார் தேவிப்ரியா.

“டயர் மாட்டி அலைன்மென்ட் பண்ண நேரமாகும்னு சொன்னாங்களாம். காலையில காரைக் கடையில விட்டுட்டு, மனு குடுக்கலாம்னு கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்காரு. கூட்டம்னா கூட்டம். உள்ள போகவே முடியாம வெளிய மரத்தடியிலேயே உக்காந்திருந்தாரு. அத்தனை பேருல ஒருத்தர்கூட இவரைப் பாத்தேன்னு சொல்லலை. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல, அதனால அதுக்குள்ள கடைக்குத் திரும்பிப் போய் வண்டியை எடுத்துக்கினு வந்தாரு. கடைக்காரரு மாத்திச் சொல்றாரு. காலையிலேயே எடுத்துனு போயிட்டாராம்.”

“போன்?”

“கார்லயே சார்ஜ்ல வுட்டுட்டுப் போயிட்டாரு. போன் சிக்னலும் அந்தக் கொல்லைப் பக்கந்தான் காட்டுதாம்.” சுருதி பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டாள். “இனிமே அவரு வெளிய வரவே மாட்டாருங்களா?”

தேவிப்ரியா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

தசரதனின் கடை ஜேஜே என்றிருந்தது. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. அருணகிரியின் பெயரைக் கேட்டதும் தசரதனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“ரெண்டு பேரும் இதோ இந்த எடத்துலதாங்க அடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் காலையில சார் வந்து டயர் மாட்டினாரு. நான் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன். ‘எங்களுக்கு அது ஆகாது, எடுங்க’ன்னுட்டு, அப்பவே வண்டியில ஏறி வுர்ருனு போயிட்டாரு. பழம் வைக்காமப் போறாரேன்னு மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பாருங்க, ஒரு உயிர் போயிடுச்சு. ஸ்டேஷன்லயும் இதையேதான் சொல்லி கையெழுத்துப் போட்டேன்.”

“கடையில கேமரா இருக்கா?”

“கொரங்கு வயரைப் பிச்சுப் போட்டு எத்தனையோ மாசம் ஆச்சுங்க.”

அப்போது வேலையாள் ஒருவர் டயர் மாற்றிய காரொன்றை நிழலுக்கு நகர்த்த ஏறி உட்கார்ந்தார். தசரதன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். கூடையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து, குனிந்து குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கார் நகர்ந்தது. பழங்கள் பட்டுப் பட்டென்று வெடித்து, சாறு மணிவேலின் பேன்ட்டில் தெறித்தது.

“ஓனர் வந்தப்புறம் வெக்கலாமில்ல?” என்றான் மணிவேல், பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே.

“புது டயர் மொத உருட்டு தம்பி. ஓனர் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? பழம் வைக்காம எங்கையால ஒரு வண்டி இங்கேர்ந்து நகர்ந்ததில்லை. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

வெளியே வந்ததும் மணிவேல், “நல்ல மனுஷன் மேடம்,” என்று சான்றிதழ் கொடுத்தான். தேவிப்ரியா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அருணகிரியின் ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு வேறுவிதமாக இருந்தது. ஜினேந்திரனுக்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் செத்தவரின் அண்ணன் அன்பரசன் மண்வெட்டிக் காம்பை உருவிக்கொண்டு வந்தார். முதல் அடி மணிவேலின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியை அவன் கையால் பிடித்துக்கொண்டான். இருவரும் புழுதியில் உருண்டார்கள். அன்பரசன் அவன் காதைக் கடித்தார். ஜிம்மில் இதற்கெல்லாம் பயிற்சி கிடையாது.

“விடுங்க மாமா,” என்று ஒரு குரல் வந்தது. அருணகிரியின் மனைவி வேதா வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. “இவங்களை அடிச்சா அவரு எழுந்து வரப் போறாரா? போன வருஷம் என் தம்பியை வண்டி வாங்கிச்சு. இப்ப என் புருஷனை.”

“தம்பிக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் தேவிப்ரியா.

“போளூர் ரோட்டுல டயர் வெடிச்சு வண்டி உருண்டுச்சு. புது டயரு. மாட்டி ஒரு மாசம்கூட ஆகலை.”

“அந்த டயர் எங்க?”

“அது எதுக்குங்க இப்ப? இவருதான் பம்ப் ஷெட்டுல வெச்சிருந்தாரு. அதை வித்த டயர்க்கடைக்காரருகூட மதியத்துல மோட்டார் நிறுத்தற நேரமாப் பாத்து ரெண்டு மூணு வாட்டி கொல்லைக்கே வந்து அதைக் கேட்டாரு. இவரு குடுக்கலை. நேத்து பாத்தேன், அங்க இல்லை.”

வழியெல்லாம் மணிவேல் காதைப் பிடித்துக்கொண்டே தன் முடிவை விளக்கினான். கொலைகாரன் அன்பரசன்தான். சொத்துத் தகராறு இருக்கும், மூர்க்கம் இருக்கிறது, சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டியும் இருக்கிறது.

“லோடு வண்டி டயர் அகலம் கம்மி மணி. சட்டையில இருக்கறது கார் டயர்,” என்றார் தேவிப்ரியா.

ஸ்டேஷன் வளாகத்தில் ஜினேந்திரனின் கார் நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் இனியனுக்குத் தேவிப்ரியாவிடம் மரியாதை உண்டு. ஆனாலும் அவர் முகத்தில் இந்த வழக்கு முடிந்துபோன வழக்கு என்று எழுதியிருந்தது.

“வண்டியைத் தண்ணி அடிச்சுக் கழுவியிருக்கான் மேடம். ஆனா டயர் இடுக்குல இருந்தது போகலை. ரத்தம் அருணகிரியோடதுதான். சட்டையில பதிஞ்ச தடம் இதேதான். அந்தத் தடத்துல ஒரு எலுமிச்சை விதைகூட ஒட்டியிருந்துச்சு. மதியச் சாப்பாட்டுத் தூக்கு நசுங்கிக் கிடந்துச்சு, அதுலேர்ந்து வந்திருக்கும்.”

“தூக்குல என்ன இருந்துச்சு?”

“கூழும் வெங்காயமும்.” சொல்லிவிட்டு இனியன் லேசாகப் புருவத்தைச் சுருக்கினார்.

மணிவேல் டார்ச்சோடு காருக்கடியில் மல்லாந்து படுத்து நுழைந்தான். கடிபட்ட காது தரையில் உரசியபோது முனகினான். டயரின் ஆழமான வெட்டுக்குள் காய்ந்த ரத்தம் கறுத்திருந்தது. தேவிப்ரியா சொன்னபடி ஊசியால் அதை நெம்பினான். அடியில் மஞ்சளாக ஏதோ நசுங்கி ஒட்டியிருந்தது.

“தோல் மேடம். எலுமிச்சந்தோல். ரத்தம் அதுக்கு மேல இருக்கு.”

“மத்த மூணு சக்கரத்தையும் பாரு.”

நான்கிலும் இருந்தது. வெளியே வருவதற்கு முன் இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. டயர்களின் உட்பக்கத்தில், காருக்கடியில் படுத்தால் மட்டும் தெரிகிற இடத்தில், ரப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சொரசொரப்பு இருந்தது. அதைக் கேட்டதும் தேவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

“இனியன், நாளைக்குக் காலையில தசரதன் கடைக்கு வாங்க. அன்பரசனையும் கூட்டிட்டு வாங்க. சுருதியை நான் கூட்டிட்டு வர்றேன்,” என்றார்.

மறுநாள் காலையில் கடையின் உள்கூடத்தில், அடுக்கிய டயர்களுக்கு நடுவே எல்லோரும் நின்றார்கள். அன்பரசன் சுருதியைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தசரதன் எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

தேவிப்ரியா சுருதியிடம் திரும்பினார். “உங்க வீட்டுல வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பீங்களா?”

“மாட்டோம் மேடம். மாவுல கோழி செஞ்சு அறுத்தாலும் அது உயிரை அறுத்த பாவந்தான்னு எங்க வீட்டுல சொல்வாங்க. காவு குடுக்கறதுக்குப் பதிலாத்தானே பழத்தை நசுக்கறாங்க? அதுவும் அதேதான். புதுக் கார் வாங்கினப்பவே வைக்கலை.”

“தசரதன், அன்னிக்கு ஜினேந்திரன் பழம் வைக்க விடலைன்னு நீங்களும் சொன்னீங்க.”

“ஆமாங்க. காலையிலேயே வெறும் வண்டியாத்தான் எடுத்துனு போனாரு.”

“அப்ப அந்தக் காரோட நாலு புது டயர்லயும் எலுமிச்சந்தோல் எப்படி வந்துச்சு?”

டீயை ஆற்றிக்கொண்டிருந்த இனியன் நிமிர்ந்தார். “நம்ம ஊர் ரோட்டுல எலுமிச்சம்பழத்துக்கு என்ன மேடம் பஞ்சம்? முச்சந்திக்கு முச்சந்தி திருஷ்டி கழிச்சுப் போடறாங்க.”

“ரோட்டுல கிடக்கற பழத்து மேல ஏறினா ஒரு பக்கத்துச் சக்கரத்துல ஒட்டும். ரெண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி ஒட்டணும்னா, சக்கரத்துக்கு ஒண்ணா யாரோ குனிஞ்சு வெச்சிருக்கணும். தோலுக்கு மேலதான் ரத்தம் இருக்கு. அதனால பழம் நசுங்கினது கொலைக்கு முன்னாடி. செத்தவரு சட்டையில விதை ஒட்டினதும் அப்படித்தான். டயர் மாட்டினதுக்கும் அருணகிரி செத்ததுக்கும் நடுவுல அந்தக் காருக்கு யாரோ பழம் வெச்சிருக்காங்க. ஜினேந்திரன் வைக்க மாட்டாரு. காலையிலேயே அவரு வெறும் வண்டியா எடுத்துட்டுப் போனது உண்மைன்னா, அந்தத் தோல் அங்க இருக்கவே முடியாது.”

தசரதனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது.

“ஓனர் இருந்தா என்னா, இல்லாட்டி என்னான்னு நீங்கதான் சொன்னீங்க,” என்று தேவிப்ரியா தொடர்ந்தார். குரல் ஏறவேயில்லை. “ஜினேந்திரன் காரை விட்டுட்டு கலெக்டர் ஆபீஸ் போனாரு. முந்தின நாள் அவரு ‘வண்டி ஏத்துவேன்’னு கத்தினதைக் கடையே கேட்டுச்சு. அவரு கார், அவரு போன், அவரு டயர். உங்களுக்கு வேற என்ன வேணும்? ட்ரையல் பாக்கறேன்னு சொல்லி எடுத்தீங்க. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி கை பழக்க தோஷத்துல கூடைக்குப் போயிடுச்சு. கொலை பண்ணப் போறப்பவும் புது டயரை வெறுமனே உருட்ட உங்களுக்குப் பயம்.”

“எதுக்காக நான் அவரைக் கொல்லணும்?”

“ஒவ்வொரு டயர்லயும் அது எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு நாலு எண் இருக்கும். ஜினேந்திரன் டயர்ல அதைத் தேய்ச்சு எடுத்து, அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கீங்க. வருஷக்கணக்கா எங்கேயோ வெயில்ல காய்ஞ்ச டயருக்கு பாலிஷ் போட்டு புதுசுன்னு விக்கறீங்க. நகத்தால கீறினா அது தெரியாது. வேகமாப் போறப்பதான் வெடிக்கும். வேதாவோட தம்பி அப்படித்தான் செத்தாரு. அந்த டயரை வெச்சுக்கிட்டு அருணகிரி உங்களை விடறதா இல்லை. அதுக்காகத்தான் கொல்லைக்கு அலைஞ்சீங்க. அப்படித்தான் அவரு எந்த நேரத்துக்கு அங்க தனியா இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

இனி அந்த ஆளுக்கு மரியாதை எதற்கு? தசரதன் சுவரில் சாய்த்திருந்த டயர் நெம்புகிற இரும்பை எடுத்து, தேவிப்ரியாவின் தலையைப் பார்த்து வீசினான். மணிவேல் நடுவில் பாய்ந்தான். முன்னங்கை எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. அடுத்த வீச்சு இனியனின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவதாக இரும்பு உயர்வதற்குள் அன்பரசன் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி டயர் அடுக்கின் மேல் எறிந்தார். அடுக்கு சரிந்தது. அன்பரசன் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, “என் தம்பிடா, என் தம்பிடா” என்று சொல்லிச் சொல்லிக் குத்தினார். மூக்கு உடைந்தது, பற்கள் சிதறின. ரத்தம் கறுப்பு ரப்பரில் வழிந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து இழுத்தும் அவரைப் பிரிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மணிவேலுக்கு உள்ளுக்குள் இன்னும் ரெண்டு விழட்டும் என்றுதான் இருந்தது. அதை அவன் பிறகும் மறைக்கவில்லை.

கைவிலங்கு மாட்டியபோது தசரதன் ரத்தத்தைத் துப்பிவிட்டு முனகினான். “பழம் வைக்காம எப்படிங்க எடுக்கறது? வழியில வண்டிக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

கடையின் பின்கட்டில், சாக்கு மூட்டைகளுக்கு அடியில், போளூர் ரோட்டில் வெடித்த அந்த டயர் கிடைத்தது.

ஜினேந்திரன் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போகவில்லை. அருணகிரியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். சுருதி பயந்தாள். கட்டுப் போட்ட கையோடு மணிவேல் துணைக்கு வந்தான், தேவிப்ரியாவும் வந்தார்.

வாசலில் அன்பரசன் நின்றிருந்தார். விலகி வழிவிட்டார். வேதா வெளியே வந்தாள்.

“நான் அவரை அறைஞ்சிருக்கக் கூடாதுங்க,” என்றார் ஜினேந்திரன். “கடைசியா என் கையால அடி வாங்கிட்டுப் போயிட்டாரு. வாய்க்கால் சண்டையை மனசுல வெச்சுக்கினு என்னை வெரட்ட வந்தாருன்னு நெனைச்சுட்டேன்.”

வேதா அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பஸ்ல போயினு இருந்தோம். டயர்க்கடை வாசல்ல உங்க காரைப் பாத்துட்டு, நிறுத்தச் சொல்லி எறங்கினாரு, நானும் எறங்கினேன். எதுக்கு நமக்கு வம்புன்னு நான் கையைப் பிடிச்சேன். ‘அந்தாளு எப்படியோ போறான்டி, அந்த வண்டியிலதான் அவன் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது’ன்னாரு. கையை உதறிட்டுப் போனாரு. திரும்பி வந்தப்ப உதட்டுல ரத்தம். ‘சொன்னாக் கேக்க மாட்டேங்கறான், நாளைக்கு அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லணும்’னாரு.”

ஜினேந்திரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மணிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பொண்ணு பேரு என்னா?” என்று கேட்டாள் வேதா.

சுருதிதான் சொன்னாள்.

“த்ரிசலா.”

“நல்லாருக்காளா?”

“நல்லாருக்காங்க.”

வேதா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.